துரைக்குப் பதினைந்து காசு

பாகான் டத்தோவில் என் மாமா தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வட்டாரத்திலேயே அதிகக் கூலி வாங்கியது ஒரு குரங்கு. கிளந்தானிலிருந்து வந்த பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவார். கயிற்றைத் தளர்த்தினால் விறுவிறுவென்று மரமேறி, முற்றிய காயாகப் பார்த்துத் திருகித் தள்ளும். அந்தக் காலத்துத் தோட்ட மேனேஜரைப்போல மேலே இருந்துகொண்டு கீழே இருப்பவர்களை முறைத்ததால், பெண்கள் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

துரை தள்ளும் காய்களைப் பொறுக்கிச் சாலையோரம் சேர்ப்பது என் அம்மாவும் அதே வட்டாரத்து அக்காமார் மூன்று பேரும். ஒரு காய்க்குத் துரைக்குப் பதினைந்து காசு, அம்மாவுக்கு ஐந்து. இதை நோட்டில் எழுதிப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் குடும்பத்தில் பெருக்கல் வாய்ப்பாடு முழுதும் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்ற கர்வம் இருந்தது, இன்றும் குறைந்தபாடில்லை. அம்மா குரங்குக்குக் கீழே இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. மாமாவிடமே கேட்டுவிட்டேன்.

“துரை மாதிரி ஏற இங்க வேற ஆளு இல்லலா. பொறுக்குறதுக்கு என்னா? ஒன்னு போனா இன்னொன்னு வரும்,” என்றார். பக்கத்தில் நின்ற அம்மாவும் அதைக் கேட்டார்.

பின்னாளில் பல்கலைக்கழகத்தில் இதே விஷயத்தை ஒரு விரிவுரையாளர் மூன்று வாரம் நடத்தினார். எனக்கோ அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது. ஒரே ஆளாக இருந்தால் கூலி ஏறும். ஆகவே அம்மாவை ஒரே ஆளாக்கிவிட வேண்டும்.

சைக்கிளில் மூன்று வீட்டுக்கும் போய், துரைக்கு வயிற்றுப்போக்கு, நாளைக்கு வேலை கிடையாது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். ஓர் அக்கா நம்பியதோடு நிற்காமல், பாவம் வாயில்லாச் சீவன் என்று ஒரு புட்டி ஓமத் தண்ணீரும் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் துரை வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. காய்கள் விழுந்துகொண்டே இருக்க, பொறுக்க அம்மா ஒருவர்தான். மதியம் வியாபாரியின் லோரி வந்துவிடும். மாமா கடிகாரத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் முதுகை மட்டும் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். உதவ ஓடியபோது, சைக்கிள் கூடையில் கிடந்த புட்டியை அம்மா பார்த்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார். துரைக்கு என்றேன். அதற்குமேல் மறைக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. புட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

மாமா வந்து அக்காமாருக்குப் போன் போடச் சொன்னார். எண்கள் அம்மாவிடம்தான் இருந்தன.

“போன்ல காசு இல்லண்ணே.”

முதல் நாள்தான் போனுக்குப் பத்து வெள்ளி டாப்-அப் போட்டிருந்தோம்; எண்களை அழுத்தியதே நான். பாவம், மறந்துவிட்டார் என்று எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். பிறகு கால் கழுவ வாய்க்கால் பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை.

மாமாவே மோட்டாரில் புறப்பட்டார். அக்காமார் வேலைச் சட்டையோடு அவரவர் வாசலில் நின்றிருந்தார்களாம். மூன்று பேரும் கேட்டது எட்டுக் காசாம்.

“வீட்டுக்கு வீடு அரை மைலு. எப்படி ஒரே மாதிரி கேக்குறாளுங்க?” என்று அம்மாவிடம் புலம்பினார்.

“அதானே,” என்றார் அம்மா. “எனக்கும் அதையே போட்டுக்குங்கண்ணே.”

காய்கள் லோரியில் ஏறின. அதன்பின் எட்டுக் காசு இறங்கவே இல்லை. அம்மா இடுப்பிலிருந்த புட்டியை எடுத்து, குடிங்கண்ணே, முகமே வாடிப்போச்சு என்று மாமாவிடம் நீட்டியபோது அக்காமார் சிரித்த சிரிப்பில், துரையே மரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வாய்ப்பாடு தெரிந்த ஒருத்தி இருந்தால் குடும்பம் எப்படி முன்னேறுகிறது என்று நினைத்தபடி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சைக்கிளை மெதுவாக ஓட்டினேன். பின்னால் அம்மா, காசில்லாத அந்தப் போனில் யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசியபடி நடந்து வந்தார்.