முதல் கூடை விழும் வரை

வெர்லின் ஹாஃபர் எங்கள் கல்லூரியில் படித்தது நான்கு வருடம். அதன் கூடைப்பந்து அணியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஐம்பது வருடமாக. என்ன பாடத்தில் பட்டம் வாங்கினார் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். எண்பத்தேழாம் வருடம் மார்ச் மாதம் ஒரு பெரிய கல்லூரியை நாங்கள் தோற்கடித்தபோது கடைசிக் கூடையைப் போட்ட பையன் எந்தக் கையால் போட்டான் என்று கேட்டால் யோசிக்கமாட்டார்.

இண்டியானாவின் தென்கோடியில், ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறோம். அணிக்கு நாரைகள் என்று பெயர். நாங்கள் நடுத்தரம். பெரிய கல்லூரிகள் நவம்பரில் எங்களை விருந்தாளியைப்போல வரவழைத்து, போகவரச் செலவும் கொடுத்து, முப்பது புள்ளி வித்தியாசத்தில் சாத்தி அனுப்பும். எங்களிடம் ஒரு பையன் நன்றாக ஆட ஆரம்பித்துவிட்டால், அடுத்த வசந்தத்தில் அவர்களில் யாராவது வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நன்றாக ஆடாத பையன்கள் நான்கு வருடமும் எங்களோடு இருப்பார்கள். அவர்கள்மேல் உயிரையே வைத்திருப்போம். தோற்கிற அணிமேல் வைப்பதுதான் விசுவாசம், ஜெயிக்கிற அணிமேல் வைப்பது வெறும் ரசனை என்பது வெர்லினின் கொள்கை. நாங்கள் ஜெயித்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கொள்கையை நம்பமாட்டார்கள்.

நான் அந்தக் கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அரங்கில் அவருக்கு நேர் பின்வரிசை. என்னை அவர் "வாத்தியாரே" என்பார். நவம்பர் முதல் மார்ச் வரை வாரம் இரண்டு முறை சந்தித்துக்கொள்வோம். மற்ற மாதங்களில் கடைவீதியில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் கூச்சமாக இருக்கும். கோடைகாலத்தில் பேசுவதற்கு எங்களிடம் விஷயம் இல்லை.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். எங்கள் அணி முதல் கூடையைப் போடும் வரை கைதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்த பிறகுதான் உட்கார வேண்டும். நல்ல அணிக்கு இது அரை நிமிட வேலை. எங்கள் அணிக்கு இது முழங்கால் பரீட்சை. சமீப வருடங்களில் ஜனங்கள் நைசாக உட்கார்ந்துவிடுகிறார்கள். வெர்லின் உட்காரமாட்டார். அவருக்குப் பின்னால் இருக்கிற எனக்கு அதனால் பல ஆட்டங்களின் தொடக்கம் தெரியாது.

ஒரு காலத்தில் அவருடைய வரிசை முழுக்க எழுபத்து நாலாம் வருடத்து வகுப்புக்காரர்களாக இருந்தது. நடுவில் டிக் என்ற பருமனான மனிதர், கல்லூரி விடுதியில் வெர்லினின் அறைத்தோழர், மேளம்போலத் தொடையில் தட்டுவார். பிறகு ஒருவர் ஓய்வுக்காலத்துக்கு ஃப்ளோரிடா போனார். ஒருவர் செத்துப்போனார். எங்கள் ஊரில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒருவர் சுவர் அகலத்துக்கு டிவி வாங்கினார். அதற்கடுத்த வருடம் டிக்கும் போனார், ஃப்ளோரிடாவுக்கு அல்ல. கடைசியில் வெர்லினும் மடிந்து கிடக்கும் நீல நாற்காலிகளும் மிஞ்சினார்கள். மனைவி மார்லீன் இரண்டு வருடத்துக்கு முன் இறந்தார். அந்த அம்மாளுக்குக் கூடைப்பந்தே பிடிக்காது. அவர் இறந்த வாரத்தில் மட்டும் வெர்லின் ஓர் ஆட்டத்துக்கு வரவில்லை. அன்று நாங்கள் ஜெயித்தோம். அதை இன்றுவரை அவரிடம் யாரும் பேசியதில்லை.

ஜனவரியில் ஒரு நாள் இடைவேளையின்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"என் பொண்ணு ஜானெல் வரா. அரிசோனாவிலேருந்து. வர சனிக்கிழமை ஆட்டத்துக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கன்னு ரெண்டு வருஷமா நச்சரிக்கிறா. அங்க தனியா கிடக்கீங்களேப்பாங்கிறா. தனியா எங்கம்மா இருக்கேன், அரங்கத்துல எனக்கு ஒரு கூட்டமே இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவர் தன் இரண்டு பக்கமும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எவ்வளவு பெரிய கூட்டம்?" என்றேன்.

"பழைய ஆளுங்க போனதை நான் சொல்லவே இல்ல."

"டிக் செத்துட்டாரே!"

"அவன் பேச்சை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேன்."

கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை ஒரு நாள் நான் ஒரு வரிசை கீழே இறங்கி அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருடைய வீடும் ஊரும் நான் ஒரு படி இறங்குவதில் தொங்கும்போது எப்படி மறுப்பது? இன்னும் இரண்டு பேரை அவரே பிடித்தார். ஒருவர் டோயல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நடுவரைத் திட்டுவதற்கென்றே மேல் வரிசையில் இடம் வாங்கியவர்.

"சாப்பாடு உண்டா?" என்றார் டோயல்.

"சாண்ட்விச் வாங்கித் தரேன்."

"அப்ப நான் உன் உயிர் நண்பன்யா."

இன்னொருவர் லொரெட்டா. அந்தக் காலத்தில் மைதான ஓரத்தில் நின்று உற்சாகக் கூச்சல் போட்ட பெண்களில் ஒருவர். "நான் சிரிக்கணுமா, அழணுமா? அதை மட்டும் முன்னாடியே சொல்லிடுப்பா," என்றார்.

சனிக்கிழமை ஜானெல் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அப்பாவின் உயரம், அப்பாவின் தாடை. அரிசோனா வெயிலில் கோட்டு விற்பதில்லை போலிருக்கிறது. அப்பாவின் பழைய கோட்டைத்தான் போட்டிருந்தாள். வெர்லின் எங்களை அறிமுகப்படுத்தினார்: "இது டோயல், இது லொரெட்டா, இது நம்ம வாத்தியார்."

டோயல் வாங்கிய சாண்ட்விச்சுக்கு மேலேயே உழைத்தார். "உங்கப்பன் இல்லைன்னா இந்தப் பக்கமே சுடுகாடும்மா!" என்று வெர்லினின் முதுகில் ஓர் அறை விட்டார். வெர்லின் திடுக்கிட்டார். அந்த முதுகை யாரும் தொட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"ரொம்ப நாள் பழக்கமா?" என்றாள் ஜானெல்.

"பொறந்ததுலேருந்து," என்றார் டோயல்.

"சந்தோஷம்," என்றாள் அவள்.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரும் எழுந்தோம், தட்டினோம். எங்கள் பையன்கள் எறிந்தார்கள்; பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. மறுபடி எறிந்தார்கள், வளையத்தில் படக்கூட இல்லை. எதிரணி நிதானமாகப் புள்ளி சேர்த்தது. தட்டும் சத்தம் இளைத்துக்கொண்டே போனது. கடைசியில் எங்கள் நெட்டைப் பையனை யாரோ இடித்துத் தள்ள, அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவதைத் தவறவிட்டான். இரண்டாவது விழுந்தது. அரங்கமே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. டோயல் முனகிக்கொண்டு உட்கார்ந்தார், லொரெட்டா உட்கார்ந்தார். விஷயம் தெரிந்த நானும், என் முழங்காலை உத்தேசித்து, உட்கார்ந்தேன்.

வெர்லின் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருய்யா. அதான் விழுந்துடுச்சே!" என்றார் டோயல்.

"அது ஃப்ரீ த்ரோ."

"புள்ளி புள்ளிதானேய்யா?"

"யாரும் தடுக்காம நின்னு போடறதெல்லாம் கூடை இல்ல. அது போட்டது இல்ல, குடுத்தது."

"இது எப்பலேருந்து?" என்றார் லொரெட்டா.

அந்தக் கேள்வி எங்களைக் கவிழ்த்தது. ஐம்பது வருடப் பழக்கம் உள்ளவர்கள் கேட்கிற கேள்வியா அது?

ஜானெல் லொரெட்டாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. "எப்பவுமே அப்படித்தான்," என்றாள். "போன மாசம் ஒரு ஆட்டத்துல எல்லாரும் உட்கார்ந்தப்புறமும் நின்னுக்கிட்டே இருந்தார். மேல இருந்த ஒருத்தர்கூட ஏதோ கத்தினார்."

கத்தியவர் டோயல். அவர் சாண்ட்விச்சை மும்முரமாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

வெர்லின் மகள் பக்கம் திரும்பினார். ஆட்டம் நடக்கும்போது அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுத்து அன்றுதான் பார்த்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எதிர்ப்பக்கம் மேலே இருந்த மேடையை மோவாயால் காட்டினாள். அங்கே ஒரு கேமரா. எங்கள் கல்லூரி உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் இணையத்தில் காட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வெர்லின் எல்லா ஆட்டத்துக்கும் நேரில் வருகிறவர். அதை ஒருநாளும் பார்த்ததில்லை. மைதானத்தைப் பார்க்கிற கேமரா மைதானத்துக்குப் பின்னால் இருப்பவர்களையும் பார்க்கும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. சொல்லப்போனால் எனக்கும் தோன்றியதில்லை.

"இடது மூலையில, மேல," என்றாள் ஜானெல். "நீங்க நிக்கறது நல்லாத் தெரியும்ப்பா. சுத்தி யாரும் இல்லாததால இன்னும் நல்லாத் தெரியும்."

"எத்தனை நாளா பார்க்கிறே?"

"அம்மா போனதுலேருந்து."

"உனக்கு இந்த ஆட்டமே பிடிக்காதே."

"ஆட்டத்தை யாரு பார்த்தா?"

முதல் கூடை அப்போதுதான் விழுந்தது. அரங்கம் கூவியது. வெர்லின் பார்க்கவில்லை. நான் அவர் சட்டையை மெல்ல இழுத்து, "விழுந்துடுச்சு," என்றேன். உட்கார்ந்தார். ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அவர் வழக்கமாகச் சொல்கிற காரணங்களைக்கூடச் சொல்லவில்லை.

வெளியே போகும்போது ஜானெல் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உங்க பேரு என்ன சார்?"

வெர்லினும் என்னை ஆவலோடு பார்த்தார்.

"கிளார்க் எம்ப்ரீ," என்றேன்.

"அப்படியா!" என்றார் வெர்லின்.

அவள் என் எண்ணைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். "வீட்டு விஷயம் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கார். இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல," என்றாள் என்னிடம் தாழ்ந்த குரலில்.

அடுத்த உள்ளூர் ஆட்டம் பத்து நாள் கழித்து. நான் என் இடத்துக்கு வந்தபோது முன்வரிசை முழுவதும் காலி. ஆட்டம் தொடங்கியது, எழுந்து நின்றேன். முதன்முறையாக மைதானம் முழுசாகத் தெரிந்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அரிசோனாவுக்கு இவ்வளவு சீக்கிரமா என்று நினைக்கும்போதே பையில் போன் அதிர்ந்தது.

"சார், ஜானெல். அப்பா அங்க இல்ல. வீட்டுல போனையும் எடுக்கலை. உங்களுக்கு ஏதாவது..."

"இருங்க, பார்க்கிறேன்."

அரங்கைச் சுற்றிப் பார்த்தேன். வெளியூர் அணிக்காரர்கள் உட்காரும் எதிர்ப்பக்கம், கேமரா மேடைக்கு நேர் கீழே, மேல் வரிசையில், நீலச் சட்டையோடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

"இருக்கார்மா. எதிர்ப்பக்கம். கேமராவுக்குக் கீழ."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"அங்க இருந்தா படத்துல தெரியமாட்டார், இல்ல?"

"தெரியமாட்டார்."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ஒரு கூட்டமே இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சாண்ட்விச் செலவில் அதை முன்பே செய்து பார்த்தாயிற்று. "யாரும் இல்லம்மா," என்றேன்.

"நான் பார்த்தது தப்பா சார்?"

"பார்த்தது தப்பு இல்ல. பார்த்தேன்னு சொன்னதுதான் அவருக்குத் தாங்கலை போலிருக்கு."

"யோசிக்கிறேன்னாரே, இதைத்தான் யோசிச்சிருக்கார்." அவள் சிரித்ததுபோல இருந்தது. "சரி. இனிமே இங்க வாங்கன்னு கேட்கமாட்டேன். அங்க அவருக்கு ஒளிஞ்சுக்க ஒரு இடமாவது இருக்கு. என் வீட்டுல அதுகூட இல்ல."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. போன் வழியாக, அவள் பார்த்துக்கொண்டிருந்த இணையப் படத்திலிருந்து, எங்கள் அரங்கத்தின் சத்தமே எனக்குத் திரும்பக் கேட்டது, அரை நிமிடம் தாமதமாக. இங்கே ஓய்ந்துபோன கூச்சல் அங்கே அப்போதுதான் தொடங்கியது. இரண்டு வருடமாகப் படத்தின் ஒரு மூலையையே பார்த்து வந்தவளுக்கு இப்போது அந்த மூலையில் மடிந்த நாற்காலிகள்தான். மீதிப் படத்தில் இருப்பதைத்தான் இனிப் பார்த்தாக வேண்டும்.

"சார், அந்தப் பதினொண்ணாம் நம்பர் பையன் ஏன் தூரத்துலேருந்தே எறிஞ்சுக்கிட்டிருக்கான்? உள்ள போகமாட்டானா?"

"பயப்படறான். போன வாரம் ஒருத்தன் கீழ தள்ளிட்டான்."

"ஐயோ பாவம்." கொஞ்சம் பொறுத்து, "அடுத்த ஆட்டம் என்னிக்கு?" என்றாள்.

"சனிக்கிழமை. அதுவும் இங்கதான்."

"ஜெயிப்பீங்களா?"

"மாட்டோம்."

"சரி, பார்க்கிறேன்," என்று வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஜனங்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எதிரே வெர்லின் நின்று தட்டிக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.