பெண்கள் வாசலில் மம்பட்டிக்காரன்

1. திரை

நான் செய்த முதல் வெப்சைட்டைப் பார்த்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் தியேட்டர் முதலாளி கேட்டது ஒன்றுதான்: "தெரை எங்க தம்பி?"

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்துகொண்டிருந்தேன். வெப்சைட் எழுதுகிற ஹெச்.டி.எம்.எல். மொழி நானாகப் புத்தகம் பார்த்துக் கற்றது. சென்டர் ஓனர் சுப்பையா அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "ஏலே, இது ஊத்திக்கிட்டுன்னா பொறவு வெப்சைட்டுன்னு வாயத் தொறக்காத. ஆயுசுக்கும் மணமகன், மணமகள்தான்."

படம், காட்சி நேரம் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தேன். முதலாளிக்கு அது ஆகவில்லை.

"வாசல்லயே எல்லாத்தையும் ஒப்பிச்சா அது தியேட்டரா, பஸ் ஸ்டாண்டா? மொதல்ல செவப்பு வெல்வெட்டுத் தெரை. மெள்ள மேல ஏறணும். அதுக்குப் பொறவு ரெண்டு வாசல். ஒண்ணு பொம்பளையாளுக்கு, ஒண்ணு ஆம்பளையாளுக்கு."

செய்தேன். அன்றைய டயல்-அப் வேகத்தில் அண்ணாச்சி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் திரை முக்கால்வாசிதான் ஏறும். அதோடு மல்லுக்கட்டியதில் பெண்கள் பக்கத்தை எழுத நேரமில்லை. வேலை முடியாத பக்கத்துக்கு எல்லோரும் அப்போது வைக்கிற படத்தையே நானும் வைத்தேன்: மஞ்சள் பலகையில் ஓர் ஆள் மம்பட்டியால் மண் வெட்டுவான். கீழே 'அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று இங்கிலீஷில் இருக்கும்.

2. பாக்கியம் அக்கா

முதலாளி மறுபடி சென்டருக்குப் பார்க்க வந்தபோது, லேடீஸ் கவுன்ட்டரில் டிக்கெட் கொடுக்கும் பாக்கியம் அக்காவையும் காரில் கூட்டி வந்தார். "இவளுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்" என்றார்.

அக்கா மவுஸைப் பிடித்தார். திரை ஏறிற்று. ஆண்கள் வாசலைத் திரும்பியும் பார்க்காமல் பெண்கள் வாசலை அமுக்கினார். மம்பட்டிக்காரன் வந்தான். அக்கா செத்த நேரம் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளி! சொல்லவே இல்லையே! நம்ம பக்கம் கக்கூஸ் கெட்டப் போறியளா?"

தியேட்டரில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு கிடையாது, ஒரு சாக்குத்தான் தொங்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெள்ளித் தெரைக்கு வெல்வெட்டு, எங்களுக்குச் சாக்கான்னு எம்புட்டு வருசமாக் கேட்டேன்! தம்பி, இத ஒரு பிரின்ட்டு எடுத்துக் குடு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பிரின்டரைப் பார்த்தேன். அண்ணாச்சி, வாடிக்கையாளர் கேட்கிறார் என்ற ஒரே சந்தோஷத்தில், பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

3. இடைவேளை

மறுநாளே அந்தத் தாள் லேடீஸ் கவுன்ட்டருக்கு மேல் ஒட்டப்பட்டுவிட்டது. முதலாளி போனில் கத்தினார்: "நான் கெட்டுதேன்னு எப்பலே சொன்னேன்? நேர்ல வா!"

என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்த அண்ணாச்சி, "போய் கால்ல விழு. வாரப்போ வேலை இருக்கான்னு கேட்டுக்க" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேட்னி இடைவேளை. முதலாளியைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். கான்சாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா கும்பிட்டுச் சொன்னார்: "நல்லா இருப்பிய மொதலாளி. படத்துக்கு வார அன்னிக்குக் காலைலருந்தே தண்ணி குடிக்க மாட்டோம்யா."

முதலாளி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "கொத்தனாருக்கு ஆள் அனுப்பு" என்றார்.

கதவும் தாழ்ப்பாளும் வைத்துக் கட்டி முடித்த பிறகுதான் பெண்கள் பக்கத்தில் காட்சி நேரத்தைப் போட்டேன். அந்த வெப்சைட்டை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். அந்தத் தாளைப் பார்க்காத பெண் கிடையாது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: திரையில் நீங்கள் வைக்கிற படத்துக்கு அர்த்தம் உங்கள் புத்தகத்தில் இல்லை. பார்க்கிறவர் எதற்காக இத்தனை நாள் காத்திருக்கிறாரோ, அதுதான் அதன் அர்த்தம்.

முதலாளி அடுத்து தன் கல்யாண மண்டபத்துக்கும் என்னிடமே வெப்சைட் கேட்டார். நிபந்தனை ஒன்றுதான்.

"தெரை வேண்டாம், வாசல் வேண்டாம், ஒனக்குத் தோணுன மாதிரிச் செய்யி. அந்த மம்பட்டிக்காரன மட்டும் உள்ள விட்டுராதலே."