கீழ்வீட்டுச் சுவரில் ஓடிய ஆறு

கலியாணம் முடிந்த கையோடு மனைவியை மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடும் ஓரிடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்பதால் அவளுக்கு அது பெரிய ஆசை. அதற்குள் கலவரம் வந்துவிட்டது. அகதியாக ஜெர்மனியின் இந்த ஹம் நகருக்கு வந்து சேர்ந்தோம். அவள் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் மனம் உறுத்தும்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா எங்களைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். முன்பு எங்கள் நாட்டுக்குச் சுற்றுலா போனவர். யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, அங்கே எடுத்த படங்களை ஸ்லைட் மெசினால் சுவரில் விழுத்திக் காட்டினார். ஒரு நாள் பயணமாக அவர் போயிருந்தது அதே இடத்துக்குத்தான். இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் நுரைத்து ஓடும் ஆறு. அடுத்த படத்தில், கரையோர மரத்தடியில் செவ்வரத்தம்பூ வைத்த கல்லுப் பிள்ளையார்.

மனைவி எழும்பினாள். வீட்டுக்குள் போடவென்று அந்த அம்மா தந்த செருப்பைக் கழற்றிவிட்டு, சுவருக்குக் கிட்டப் போய்க் கைகூப்பினாள்.

“இஞ்சாரும், தள்ளி நில்லும். பிள்ளையார் உம்மட முதுகில விழுகிறார்” என்றேன்.

“விழட்டும். நீங்கள் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டுதானே அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.”

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார்.

“எங்களை அங்க கூட்டிக்கொண்டு போனதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லுறா” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

அவர் அடுத்த படத்துக்கு மாற்றவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவளருகில் போய் நின்றேன்.