பூட்டு மியூசியத்தின் சாவிப் பிரிவு

அவளை ஆபீசில் எல்லோரும் ரூம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய தலைநகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கே தங்குவது, எதை எப்போது பார்ப்பது என்று திட்டம் போட்டுக் கொடுக்கிற சின்ன டிராவல்ஸ் ஆபீஸ் அது. முதலாளி முன்பக்கம் கண்ணாடி மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். பலகைத் தடுப்புக்குப் பின்னால், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ரூம் அக்கா வேலை பார்ப்பாள். சிரிப்பு மட்டும் முதலாளியுடையது, மற்றதெல்லாம் அவள் தலையில்.

இத்தனைக்கும் அந்த நகரத்தில் அவள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் எந்தச் சந்தில் எந்த லாட்ஜ், எந்த லாட்ஜில் கட்டில் கிரீச்சிடும், எந்த அரண்மனைக் காவலாளி கடிகாரத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்துவான் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் போய்விட்டு வந்தவர்களின் புகார்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஞானம். பாராட்டுகிறவர்களால் காலணாப் பிரயோஜனம் கிடையாது. "பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். திட்டுகிறவன்தான் உட்கார்ந்து நிதானமாக, குளியலறை வாளியில் எந்தப் பக்கம் ஓட்டை என்பது வரைக்கும் சொல்லிவிட்டுப் போவான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் குறையே இல்லாத திட்டங்களாகப் போட்டுப் பார்த்தாள். ஜனங்கள் அதிலும் குறை கண்டுபிடித்தார்கள். தலையணை தடிமனாம், அரண்மனையில் படிக்கட்டாம், ராஜாவின் கட்டில் நினைத்ததைவிடச் சின்னதாம். ஊர் சுற்றப் போகிற குடும்பம் எதையாவது திட்டியே தீரும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேறு எதுவும் சிக்காவிட்டால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அது அலுத்துப் போனதும் டிராவல்சைத் திட்ட வந்துவிடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு திட்டத்திலும் வேண்டுமென்றே ஒரு உருப்படாத இடத்தைச் செருக ஆரம்பித்தாள். குழந்தை கன்னத்தில் வைக்கிற மாதிரி ஒரு திருஷ்டிப் பொட்டு. அவள் தேர்ந்தெடுத்த பொட்டு, நகரத்தின் பூட்டு மியூசியம். இரண்டாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது குடும்பத்தை அங்கே அனுப்பிவிடுவாள். போனவர்கள் மொத்தப் பேரும் ஒரே குரலில் பூட்டு மியூசியத்தைத் திட்டுவார்கள். பத்து வருஷத்தில் மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று ஒரு வாடிக்கையாளர் கண் கலங்கி நன்றி சொன்னார். மற்ற இடங்களெல்லாம் அமோகம் என்று திரும்பி வருவார்கள். அவள் போட்ட திட்டத்தில் பூட்டு மியூசியத்தைத் தவிர வேறு குறை சொன்னவர் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வீட்டில்தான் அந்தத் திறமை ஒன்றும் பலிக்கவில்லை. அவள் புருஷன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தான். அவன் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். அண்ணனுக்கு வயசான காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. தம்பி ஸ்கூலிலேயே சேர்ந்தான், விதி. ஒரு நாள் நாற்சந்தியில், சுற்றிலும் வண்டிகள் நிற்க, சொல்லிக்கொடுக்கிறவன் காலடியில் இருக்கும் இரண்டாவது ப்ரேக்கைத் தம்பி ஓங்கி மிதித்தான். வண்டி குலுங்கி நின்றது. அண்ணன் கதவைத் திறந்து, நடு ரோட்டில் இறங்கி, காரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். "சின்னப் பய என் வண்டிக்கு ப்ரேக் போடறான்" என்று அன்றைக்குச் சொன்னதுதான். நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் பெண்டாட்டிகள் மூலம் தூது போகும். அந்த வீட்டில் ப்ரேக் என்ற வார்த்தையைக் குழந்தைகள்கூடச் சொல்வதில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் மாமனார். தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். காது மந்தமாகி, மெஷின் மாட்டியிருந்தார். அதையும் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பாதி நேரம் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மெஷின் இல்லாதபோது யார் என்ன சொன்னாலும் மரியாதையாகத் தலையாட்டுவார். போகப் போக மெஷினும் கைகொடுக்காது என்று காது டாக்டர் சொல்லிவிட்டார்.

"எனக்கு அந்தப் பழைய தலைநகரத்தைப் பாக்கணும்மா," என்றார் மருமகளிடம் ஒரு நாள். "ரெண்டு பசங்களும் கூட வரணும்."

"வருவாங்க மாமா. ஆனா பேசிக்க மாட்டாங்களே."

"அதுக்குத்தான் சொல்றேன். இந்தக் காது இருக்கறப்பவே அவனுங்க பேசிக்கறதை ஒரு தரம் கேட்டுடணும். அரண்மனையெல்லாம் சும்மா சாக்கு. நீதான் ஊருக்கே ப்ளான் போடறியே, எனக்கு ஒண்ணு போடு."

ரூம் அக்காவுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இந்தத் திட்டம் சொதப்பினால் திருத்திப் போட மாமனாரின் காது காத்துக்கொண்டிருக்காது. மறுநாள் ஆபீசில் பழைய புகார்களையெல்லாம் மனதுக்குள் புரட்டி, இப்போதெல்லாம் யாருக்குமே சிபாரிசு செய்யாத ஒரு லாட்ஜைப் பிடித்தாள். இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு பால்கனி. சுடுதண்ணீர் சுவிட்ச் ஓர் அறையில், அந்தத் தண்ணீர் வரும் குழாய் பக்கத்து அறையில். குளிக்கிறவன் பக்கத்து அறைக்காரனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். வாடிக்கையாளர்கள் காறித் துப்பிய அந்த ஏற்பாடு அவளுக்கு இப்போது தெய்வமாகத் தெரிந்தது. சுவிட்ச் இருந்த அறையைப் புருஷனுக்கும், குழாய் இருந்த அறையைக் கொழுந்தனுக்கும் ஒதுக்கினாள்.

குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஐந்து பேரும் கிளம்பினார்கள். முதல் நாள் காலையில் கொழுந்தன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அடுக்கடுக்காகத் தும்மிக்கொண்டு வந்தான். அண்ணன் சுவிட்சைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான், யாராவது கேட்டால் போடுவதற்குத் தயாராக. யாரும் கேட்கவில்லை.

மதியம் கோட்டை ஏரியில் இருவர் மட்டும் மிதிக்கும் படகு. ஓரகத்தியும் அவளும் தங்களுக்குத் தலைசுற்றும் என்று ஒதுங்கிக்கொண்டு, அண்ணன் தம்பியை அதில் தள்ளிவிட்டார்கள். மாமனார் மெஷினை மாட்டிக்கொண்டு கரையில் ஆவலோடு நின்றார். ஒருவன் முன்பக்கமாக மிதித்தான், மற்றவன் பின்பக்கமாக மிதித்தான். படகு ஏரி நடுவில் நின்ற இடத்திலேயே சுற்றியது. யாராவது ஒருவன் வாயைத் திறந்து "இந்தப் பக்கம்" என்று சொன்னால் போதும். படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். மாமனார் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இது ஆவறதில்ல," என்றாள் ஓரகத்தி. "நாளைக்கு அரண்மனையாவது ஒழுங்கா பாத்துட்டு ஊரு போய்ச் சேருவோம்."

இரண்டாம் நாள் மதியம், அரண்மனைக்குப் போவதற்கு முன்னால், பூட்டு மியூசியம். அதை ஏன் போட்டாய் என்று கேட்டால் ரூம் அக்காவுக்கே பதில் தெரியாது. எத்தனையோ வருஷமாகக் கை அதைத் தானாக எழுதிவிடுகிறது. அவளும் அரை மணியில் வெளியே வந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். புகார் சொன்னவர்கள் எல்லாம் நாகரிகம் கருதிக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

நீளமான இருட்டு மண்டபம். மின்விசிறிகள் இருந்தன, ஓடவில்லை. அண்ணன்காரன் தொழில்காரன் என்பதால் அண்ணாந்து பார்த்து வேதனைப்பட்டான். நுழைகிற கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, மியூசியக் காப்பாளர் சாவிக்கொத்தோடு வந்தார். வெளியே போகும் கதவு மறுகோடியில் இருந்தது. எல்லாப் பூட்டையும் பார்த்தால்தான் அது திறக்கும், அதுதான் இங்கே முறை என்றார். ஒவ்வொரு பூட்டாகக் கையில் எடுத்தார், பூட்டிக் காட்டினார், திறந்து காட்டினார், அதைச் செய்தவனின் குடும்ப வரலாற்றைச் சொன்னார். சுருக்கமாகவே முடித்திருப்பாரோ என்னவோ, கூட்டத்தில் ஒரு பெரியவர் கண் இமைக்காமல் தலையாட்டிக்கொண்டு நின்றது அவர் கண்ணில் பட்டுவிட்டது. மாமனாரின் காது மெஷின் பையில் இருந்தது. காப்பாளர் வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு ரசிகருக்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

"ஐயாவுக்கு உள்ளே இருக்கறதையும் காட்டவா? பொதுவா யாருக்கும் காட்டறதில்ல," என்று கேட்டார்.

மாமனார் தலையாட்டினார். காப்பாளர் ஒரு பீரோவைத் திறந்தார்.

அவர்கள் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அரண்மனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். காவலாளி அப்போதுதான் கேட்டைச் சாத்திவிட்டு, அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பூட்டைப் பார்த்ததும் கொழுந்தன் ஒரு சத்தம் போட்டான், அதை வார்த்தை என்று சொல்ல முடியாது. புருஷன் அவளை ஒரு பார்வை பார்த்தான். ஓரகத்திகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் ரூம் அக்கா கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கினாள். அவளுக்கு அழுகையாக வந்தது. ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் சந்தோஷமாக அனுப்பி வைத்தவளுக்குச் சொந்த மாமனாரின் ஒரே ஆசையை நிறைவேற்றத் துப்பில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். அறைக்குள் மாமனார் நாற்காலியைப் பால்கனிக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் மெஷின். அவளைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

பால்கனியிலிருந்து அவள் புருஷன் குரல் கேட்டது.

"உங்க அண்ணி போட்ட ப்ளானைப் பாத்தியா?"

அவள் மாமனார் பக்கத்தில் போய் நின்றாள்.

"பாத்தேண்ணே," என்றான் தம்பி. "அந்த ஆளு பீரோவைத் திறந்தப்பவே எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு."

"நம்ம அப்பா வேற. தலையாட்டித் தலையாட்டியே நம்மளைக் கொன்னுட்டாரு."

"அண்ணிதான் ஊருக்கே ப்ளான் போடறாங்களாம். ஊருல எப்படி இன்னும் சும்மா விட்டு வெச்சிருக்காங்க?"

"எனக்கு அந்த ரூமைப் பாத்தப்பவே தெரியும்டா. சுவிட்ச் இங்க, குழாய் அங்க. எந்த மடையனாவது இப்படி ஒரு லாட்ஜைத் தேடிப் பிடிப்பானா?"

"அண்ணி ப்ளானுக்கெல்லாம் நம்ம பக்கம் ஒரு ப்ரேக் இருக்கணும்ணே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். ரூம் அக்கா எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் அவள் புருஷன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நீ மிதிக்கலேன்னா நான் அந்தத் தண்ணி லாரிக்குள்ளதான்டா போயிருப்பேன்."

"ஒரு முழம்தாண்ணே பாக்கி."

"அரை முழம்."

ரூம் அக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பால்கனிக்குப் போய் இரண்டு பேரையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. எத்தனை வருஷ அனுபவம், எத்தனை குடும்பங்களின் வாழ்த்து, கடைசியில் மடையன் பட்டம். தன் திட்டத்தில் இந்தத் தடவை திருஷ்டிப் பொட்டு தானேதான் என்பது அவளுக்குப் புரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ரோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவள் ஓரடி எடுத்து வைத்ததும் மாமனார் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரும்மா," என்று கிசுகிசுத்தார். "நல்லா திட்டறானுங்க. ஒரு வார்த்தை விடாம கேக்குது."

அவர் கண் நிறைந்திருந்தது. டீ ஆறி ஏடு கட்டும் வரைக்கும் அவள் தட்டோடு அங்கேயே நின்றாள், தன்னைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு. பால்கனியில் பேச்சு மெல்லத் தளர்ந்து, இரண்டு பேரும் பழையபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களோ என்று தோன்றிய நேரத்தில் பால்கனிக்குள் போனாள்.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் கிளம்பணும்," என்றாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "பூட்டு மியூசியத்துல சாவிப் பிரிவுன்னு ஒண்ணு தனியா இருக்காம். இன்னிக்கு அதை விட்டுட்டோம்."

அப்படி ஒரு பிரிவு கிடையாது.

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றான் கொழுந்தன். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க," என்றான் புருஷன்.

மாமனார் யோசித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். "போவோமே. அந்த ஆளு நல்லா விளக்கமா சொன்னாரு."

விடிந்ததும் பார்த்தால் அண்ணனும் தம்பியும் அறையில் இல்லை. ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அண்ணன்தான் ஓட்டிக்கொண்டு போனான் என்று லாட்ஜ்காரர் சொன்னார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்திருந்தானாம்.

மற்ற மூன்று பேரும் அரண்மனைக்குப் போனார்கள். எத்தனையோ பேரிடம் போனில் வாய் ஓயாமல் புகழ்ந்த அரண்மனையை ரூம் அக்கா முதன்முதலாக நேரில் பார்த்தாள். சுமார்தான். ராஜாவின் கட்டிலும் சின்னதுதான். வாசலில் வழிகாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மாமனார் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏன் மாமா, கழட்டிட்டீங்க?" என்று அவள் சைகையில் கேட்டாள்.

"கேக்க வந்ததைக் கேட்டாச்சும்மா," என்றார். "இதுக்குப் போய் எதுக்கு பேட்டரியை வீணாக்கணும்?"