மீன்காரம்மாவின் கண்

பட்டினப்பாக்கத்திலிருந்து எங்கள் அடையாறு வீட்டுக்கு வரும் மீன்காரம்மா, ஒவ்வொரு மீனையும் வெளிச்சத்தில் திருப்பி, அதன் கண் மங்காமல் மின்னுவதைக் காட்டிவிட்டுத்தான் விற்பார். என் கேமராவுக்கு மலிவாக வாங்கிய ஃபிளாஷை அவரை வைத்துத்தான் முதலில் சோதித்தேன். கேமரா மேலேயே மாட்டி எடுத்த படத்தைப் பார்த்தவர், "இன்னா நைனா, என் கண்ணு நேத்து மீனு மாரி கீது" என்றார்.

ஃபிளாஷைக் கழற்றி, நீள வயரில் இணைத்து, பக்கத்து ஸ்டூலில் வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அவர் கண் மின்னியது. அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது விக்கிற கண்ணு. எனக்கு அந்த மொத படத்தயே குடு. வூட்ல இருக்கறவங்களுக்கு அந்த மூஞ்சிதான் தெரியும்."

கொடுத்துவிட்டேன். மின்னும் கண் என் சுவரில் இருக்கிறது. அவரை அறியாதவர்கள் எல்லாரும் அதைப் பாராட்டுகிறார்கள்.