அம்புக்குறியை எடுத்த கதை

துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு யார்டுக்கு டோக்கன் செயலி எழுதியவன் நான். லாரியின் எண்ணைப் பதிந்தால் வரிசையில் இடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதைக் கெடுக்க இரண்டு பட்டதாரிகள் தேவைப்பட்டோம். ஒருவர் என் மேலாளர்.

திரையின் மேல்பட்டையில், முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் அம்புக்குறி ஒன்று இருந்தது. அது மேலாளரின் கண்ணை உறுத்தியது.

"உள்ள வந்தவன் எதுக்குலே திரும்பிப் போகணும்? எடுத்திரு அத."

"போன்லயே பேக் பட்டன் இருக்கே சார்?"

"அத அமுக்குனா டோக்கன் ரத்துன்னு வச்சிரு. பெறவு எவன் அமுக்குவான்?"

தப்பென்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கும், சாப்பாடு ஆறிவிடும். சொன்னபடியே எழுதினேன். டோக்கன் ரத்தானால் அதைத் தெரிவிக்க ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆளுக்கொரு போன் என்று ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருந்தோம். யார்டு வாசலில் வழக்கமே வேறு. அதுவரை வரிசைச் சீட்டு எழுதிக்கொடுத்தவர் எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி. செயலி வந்த முதல் நாள், அவர் தன் போனிலேயே முன்னால் நின்ற ஆறு வண்டிகளுக்கும் பதிந்துகொடுத்தார். ஒரு வண்டியை முடித்து அடுத்ததற்குப் போக அம்புக்குறியைத் தேடுவார். இருக்காது. பேக் பட்டனை அமுக்குவார். முடித்த டோக்கன் போய்விடும். இப்படி ஐந்து போயின.

முதல் வண்டி வேம்பாரிலிருந்து உப்பு ஏற்றி வந்தது. அன்று மாலை ஊர் மாதா கோயிலில் ஓட்டுநரின் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அதற்காகவே விடியுமுன் வந்து முதலில் நின்றிருந்தார்.

"ஒம்ம வண்டி இதுல இல்லியே டிரைவரே," என்றார் காவலாளி, போனைப் பார்த்தபடி.

"வண்டி ஒம்ம மூஞ்சிக்கு முன்னாலதான நிக்கி."

அதற்குள் சொந்தப் போன் வைத்திருந்த பின்வரிசைக்காரர்கள் பதிந்து முந்திவிட்டார்கள். இவர் மறுபடி பதிந்தால் கடைசி இடம்தான். வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் மேலாளரை அழைத்தேன்.

"மொத நாளே கையால மாத்துனா சிஸ்டத்துக்கு என்னலே மரியாத?" என்றார்.

மாற்றுவதற்கான கடவுச்சொல் என்னிடம் இருந்தது. நான் மாற்றவில்லை. உப்பு லாரி உள்ளே போனபோது பொழுது சாய்ந்திருந்தது.

மறுவாரம் அம்புக்குறி திரும்பி வந்தது. 'உங்கள் வசதிக்காக ஒரு புதிய அம்சம்' என்று மேலாளர் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். வெட்கமாக இருந்தது.

அதே டீக்கடையில் அந்த ஓட்டுநரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். போனை நீட்டினார். வெள்ளை உடுப்பில் மகள், சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"நான் எங்கன நிக்கேன்னு தேடும் தம்பி."

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகத் தேடினேன். என் டீ ஆறும்வரை அவர் போனைத் திரும்பக் கேட்கவில்லை.