அசையாத பூச்சி

தொட்டால் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கல் மாதிரிக் கிடக்கும் ஓர் இலைவண்டு இலங்கை மலையகத்தில் டயகம பக்கத்து மலைகளில் உண்டு. மிளகைவிடச் சின்னது. உடம்பெல்லாம் கரடுமுரடான பரு. இலைமேல் கிடந்தால் புழுப்பீ என்றுதான் யாரும் சொல்வார்கள். தேயிலையைத் தின்கிறதா, ஓரத்துக் காட்டுச் செடியிலிருந்து உதிர்கிறதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அதற்குப் பெயரும் கிடையாது.

நாலைந்து வருஷத்துக்கு முன் நான் அங்கே கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. திமிர் மட்டும் தோட்டத்துத் துரையை மிஞ்சியிருந்தது. கொழுந்தில் புழுப்பீ கிடக்கிறதென்று ஃபெக்டரியில் திட்டு வாங்கிய ஆத்திரத்தில், இனி யார் கொழுந்தில் கண்டாலும் அவரைப் புல்வெட்டுக்குத் தள்ளிவிடுவேன் என்று காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்று பகல் நிறுவையிலேயே ஓர் அம்மாவின் கொழுந்தில் கண்டேன். ஐம்பதைத் தாண்டியவர். இருபது வருஷமாகக் கொழுந்து பறிப்பில் முதல் நிரை அவருக்குத்தான். மற்றப் பெண்கள் அவர் வேகத்தைப் பார்த்துத்தான் கையை ஓட்டுவார்கள். அந்த நிரை போனால் மலையில் அவரால் தலைநிமிர முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் விடவில்லை.

"ஐயா, அது புழுப்பீ இல்லீங்க. பூச்சிங்க. நடக்கும்," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கையை நீட்டச் சொல்லி, அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தேன்.

"அப்ப நடக்கச் சொல்லு, பாப்போம்."

மழை தூறிக்கொண்டிருந்தது. தராசைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். அது அசையவில்லை. அவர் குனிந்து மெல்ல ஊதினார். ஊத ஊத அது இன்னும் இறுகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு தாலாட்டுப் பாடிப் பார் என்றேன். பெண்களும் சிரித்தார்கள், சிலர் எனக்குப் பயந்து, சிலர் முதல் நிரை காலியாகிறதே என்ற சந்தோஷத்தில். மற்றவர்கள் கொழுந்தை நிறுத்து முடிக்கும்வரை அவரை அப்படியே நிற்கவைத்தேன். பிறகு அவர் கொழுந்தை அவரையே மண்ணில் கொட்டச் சொன்னேன். கொட்டிவிட்டு வெறும் சாக்கோடு போனார்.

எல்லோரும் சாப்பாட்டுக்குக் கலைந்தபின், துரைக்குக் காட்டப் படம் எடுக்கலாமென்று அதை என் புத்தக அட்டையில் வைத்து ஃபோனைப் பிடித்தேன். திரையில் அதற்கு ஆறு கால் வந்தது. நிதானமாக ஓரம்வரை நடந்தது. அவர் இன்னும் பாதையில்தான் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். பெருவிரலால் நசுக்கித் துடைத்தேன்.

மறுநாள் காலை புல்வெட்டுச் சுரண்டியோடு வந்து நின்றார். சண்டைக்கு வரவில்லை. தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாங்க போன பொறகாச்சும் அது நடந்துச்சுங்களா, ஐயா?"

"இல்ல," என்றேன்.

மூன்று மாதம் கழித்துக் கொழுந்து நிறைந்து ஆள் போதவில்லை. முதல் நிரைக்கே வரலாம் என்று அவரைக் கூப்பிட்டேன். பெருந்தன்மை காட்டுவதாக நினைப்பு எனக்கு. அவர் புல்லைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"வேணாங்க. எனக்குக் கண்ணு போயிருச்சு. பீயையும் பூச்சியையும் பிரிக்கத் தெரியலையே."

அப்போதும் நான் சொல்லவில்லை.